மாமா விழுங்கும் மாத்திரை

"நீ கண்டுபிடிச்ச மாத்திரை எந்தக் கடையிலத்தா கிடைக்கும்?"

என் மாமனார் இதைக் கேட்டு ரொம்ப காலம் ஆகிறது. இன்னும் என்னிடம் பதில் இல்லை.

மாமா கேட்டது கிண்டலுக்கு அல்ல. எனக்கு மருந்துக் கம்பெனியில் வேலை என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள். மருந்துக் கம்பெனி என்றால் மருந்து வந்தாக வேண்டும். அவர் திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தியும் கொத்தமல்லியும் போட்டவர். விதைத்தால் விளையும், மழை ஏமாற்றினால் காயும். இரண்டும் இல்லாமல் ஒருத்தி மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு வருடக்கணக்கில் என்ன செய்கிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. சில நாட்களில் எனக்கே பிடிபடுவதில்லை.

எங்கள் வீடு பாளையம்பட்டியில் இருக்கிறது. கீழே மாமாவும், கொழுந்தனும், அவன் மனைவியும். மாடியில் நாங்கள் மூன்று பேர். என் கணவர் நூற்பாலையில் வேலை பார்க்கிறார். மகளுக்கு மூன்று வயது முடியப் போகிறது. என் அலுவலகம் பெங்களூரில். பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதித்தார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது.

என் வேலையை இப்படித்தான் மாமாவுக்குச் சொன்னேன். உடம்பின் செல்லுக்குள் புரதங்கள் உண்டாகிக்கொண்டும் கழிந்துகொண்டும் இருக்கின்றன. கழிய வேண்டிய புரதத்தின் மேல் ஓர் அடையாளம் ஒட்டப்படும். அடையாளம் ஒட்டியது அரைபட்டுப் போகும். இந்த ஒட்டும் வேலைக்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. நோயை வளர்க்கிற புரதத்தை அவற்றின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் போதும், மிச்சத்தைச் செல்லே பார்த்துக்கொள்ளும். அப்படிக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு ஒரு குட்டி மூலக்கூறு வேண்டும். அது பசை போல இரண்டுக்கும் நடுவில் உட்காரும். அந்தப் பசையைக் கணினியில் வரைந்து, மூன்றையும் சேர்த்து வைத்து, உடம்பின் ஈரத்துக்குள் அசைவது போல அணு அணுவாக அசையவிட்டு, ஒட்டி நிற்கிறதா கழன்று விழுகிறதா என்று பார்ப்போம்.

மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரித்தா, எந்தக் கடையில?" என்றார்.

பிறகு அவருக்கே எலும்பு மஜ்ஜையில் ரத்தப் புற்று வந்தது. மதுரையில் வைத்தியம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரைக் கணவர் போனில் வாசித்தபோது, பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. பஸ் நிலையக் கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டது போல இருந்தது. அதுவும் ஒரு பசை மருந்துதான். "நான் பாக்குறதெல்லாம் இதோட பேரன் பேத்தி மாமா" என்றேன்.

"அப்ப பேரன் சீக்கிரம் வரட்டும்" என்றார். சொல்லிவிட்டுக் கண் ஓரத்தால் சமையலறையைப் பார்த்தார். அங்கே நின்ற என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி வருடம் திரும்பாதவள் அவள். வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விட அவள் அதிகமாக.

எங்கள் குழுவில் என் பங்கு இன்னும் குறுகலானது. ஒட்டக்கூடாத ஒன்று ஒட்டுகிறதா என்று பார்ப்பவள் நான். சென்ற நூற்றாண்டில் கர்ப்பிணிகளின் குமட்டலுக்கென்று தாலிடோமைடு என்ற மருந்து கொடுக்கப்பட்டு, கைகால் வளராத பிள்ளைகள் பிறந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கருவில் கைகால் உருவாகத் தேவையான ஒரு புரதத்தை அந்த மருந்து பசை போலப் பிடித்து அரைவைக்கு அனுப்பியது என்பது மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. அதே பசைக்குணம்தான் ரத்தப் புற்றில் உயிரைக் காப்பாற்றுகிறது. ஆகவே புதிதாக எந்தப் பசையை வரைந்தாலும், இது கருவின் புரதத்தையும் பிடிக்குமா என்று பார்த்தாக வேண்டும். எலியில் மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. எலியின் ஒட்டும் புரதத்தில் முக்கியமான ஓரிடம் நம்முடையதிலிருந்து வேறு. மனிதக் கருவுக்கு ஆகாதது எலிக்குட்டியை ஒன்றும் செய்யாமல் போகலாம்.

மகள் வயிற்றில் இருந்தபோதும் இந்த வேலைதான் பார்த்தேன். கணினியில் படத்தைத்தான் பார்க்கிறேன், ஒரு துகளைக்கூடத் தொடுவதில்லை. ஆனாலும் ஒருமுறை அருப்புக்கோட்டை டாக்டரம்மாவிடம் வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். வெளியே வந்ததும் கணவர், "ஏ, படத்தைப் பாத்தா மருந்து தின்ன மாதிரி ஆகுமாக்கும்? அப்ப ஓட்டல் போர்டைப் பாத்தே வயிறு ரொம்பிருமே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மகள் பிறந்ததும் முதலில் விரல்களைத்தான் தடவிப் பார்த்தேன்.

மாமாவுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு மூலக்கூறு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. நோய்ப் புரதத்தை அவ்வளவு விரைவாக ஒழித்தது. என் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. புதியதை ஓடவிடும் முன் பழைய குற்றவாளி ஒன்றையும், அப்பிராணி என்று தெரிந்த ஒன்றையும் ஓடவிடுவது என் வழக்கம். அவற்றைக் கணினி சரியாக அடையாளம் சொன்னால்தான் புதியதைப் பற்றி அது சொல்லும் சாட்சியை எடுத்துக்கொள்வேன். ஒரே தொடக்கத்தையும் நம்ப மாட்டேன். கருப் புரதத்தைச் சற்றுச் சாய்த்து, சற்றுத் திருப்பி, வேறு வேறு நிலைகளிலிருந்து அசையவிடுவேன். இந்த மூலக்கூறோ என்னைக் குழப்பியது. பெரும்பாலான ஓட்டங்களில் கருப் புரதம் கழன்று விழுந்தது. சிலவற்றில் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது.

வாரக் கூட்டத்தில் குழுத்தலைவி கேட்டார். கோயம்புத்தூர்க்காரர்; கோபமாகப் பேசத் தெரியாதவர்.

"எல்லாரும் உங்களுக்காகத்தானுங்க வெயிட் பண்றோம். சரிங்களா, சரியில்லைங்களா?"

"ரெண்டுக்கும் நடுவுல இருக்குங்க மேடம்."

"நடுவுலன்னு நம்மகிட்ட பட்டன் இல்லையே!"

சிரிப்பு அடங்கியதும் அவர் நிதானமாகச் சொன்னார். இதைச் சாப்பிடப் போகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். இப்போது கடையில் இருக்கும் மருந்துகளுக்கும் இதே குறை உண்டு. அட்டையில் எச்சரிக்கைப் படம் போட்டுத்தான் விற்கிறார்கள். நான் தடை சொன்னால் மனிதச் செல்களில் தனியாகச் சோதிக்க வேண்டும், மூலக்கூறையே மாற்றவும் வேண்டியிருக்கும். மாதங்கள் போகும். அந்த மாதங்களில் காத்திருப்பவர்கள் மாமாவைப் போன்றவர்கள். கணினியில் சில ஓட்டங்கள் பயமுறுத்தின என்பதற்காக அவர்களைக் காக்கவைக்கலாமா? அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் பாளையம்பட்டியில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் வந்தது. என் கணக்குகள் எங்கோ தூரத்துக் கணினிகளில் ஓடுவதால் அவை நிற்காது. என் மாடியறை மின்விசிறிதான் நிற்கும். மகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஓரகத்தி சமையலறை மேடையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேன் ஊற்றி வைத்திருந்தாள். மாமாவின் மாத்திரையை எடுத்து, அதன் கூட்டை இரண்டாகத் திருகிப் பிரித்து, உள்ளிருந்த பொடியைத் தேனில் தட்டினாள். பிறகு ஆள்காட்டி விரலால் குழைக்க ஆரம்பித்தாள்.

"சித்தி, எனக்குத் தேனு" என்று என் இடுப்பிலிருந்தே வாயைத் திறந்தாள் மகள்.

"இது தாத்தா மருந்துடி. ஒனக்குத் தனியா தாரேன்."

"என்ன செய்யிற?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"மருந்து குழைக்கேன்க்கா. முழுசா முழுங்க மாட்டேங்குறாக, நெஞ்சுல நிக்குதாம். எங்க வீட்ல அப்பாவுக்குச் செந்தூரம் இப்படித்தான குழைச்சுக் குடுப்போம்."

தேனில் குழைப்பது எங்கள் பக்கத்தில் மருந்துக்குச் செய்யும் மரியாதை. வெறும் பொடியை நீட்டினால் அக்கறை இல்லாதவள் என்று அர்த்தம். நன்றாக, கட்டி இல்லாமல், விரலால்தான் குழைக்க வேண்டும். அவள் அக்கறையோடுதான் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"அட்டையில படம் பாக்கலையா நீ?"

"பாத்தேனே. புள்ளத்தாச்சிய வரைஞ்சு குறுக்க கோடு போட்டிருக்கு. புள்ளத்தாச்சி திங்கக் கூடாதும்பாக. நானா திங்கப் போறேன்? மாமாவுக்குல்ல குடுக்குறேன்."

பி.காம். படித்தவள். அவள் அந்தப் படத்தைப் படித்ததில் என்ன பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தொடாதே என்று அதில் எங்கே இருக்கிறது?

"மொத கைய சோப்புப் போட்டுக் கழுவு. நல்லா கழுவு." கழுவி முடித்து ஈரக்கையோடு நின்றவளிடம் மெதுவாகக் கேட்டேன். "இந்த மாசம் தலைக்கு ஊத்திட்டியா?"

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் மறக்கப் போவதில்லை.

"இல்லக்கா. நாள் தள்ளியிருக்கு. அவுககிட்டக்கூட இன்னும் சொல்லல. நீங்க எப்படிக்கா கண்டுபிடிச்சீக?"

அவளுக்கு நல்ல சேதி. எனக்குத் திரையில் விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சில ஓட்டங்கள்தான் கண்ணில் வந்தன. மகளை இறக்கிவிட்டு, ஓரகத்தியை உட்கார வைத்து, அந்தப் பொடி கருவை என்ன செய்யும் என்று சொன்னேன். முடிந்தவரை பதறாமல் சொன்னேன். அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக் கடையில் சோதனை அட்டை வாங்கி வந்தேன். மறுநாள் காலை குளியலறைக்கு வெளியே இரண்டு பேரும் நின்று பார்த்தோம். ஒரு கோடுதான் வந்தது. எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

"ஒங்களுக்குச் சந்தோசமாக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமா. இந்தத் தடவ இல்லைங்கிறதுல சந்தோசம்தான்" என்றேன். அவள் அட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டு எடுத்து வந்தாள். சேர்ந்து குடித்தோம். இரண்டொரு நாளில் அவள் தலைக்கு ஊற்றினாள்.

மதுரை டாக்டரிடம் கேட்டோம். கூட்டைப் பிரிக்கவே கூடாது, பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் பொடியைத் தொடக் கூடாது, மற்றபடி பதற்றம் வேண்டாம் என்றார். இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருந்தார்களாம். "சொன்னாக மதினி. அப்பாதான முழுங்கப் போறாரு, வீட்ல எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றான் கொழுந்தன். அவனுக்கு அன்று இரண்டு பக்கமும் வசவு. மாமா இப்போது மாத்திரையைத் தானே எடுத்து, முழுதாக, கெட்டித் தயிரோடு விழுங்குகிறார். டாக்டர் அதற்குச் சரி சொல்லிவிட்டார். விழுங்கி முடித்ததும் வாயைத் திறந்து காட்டுவார். என் மகள் கை தட்டுவாள்.

அடுத்த கூட்டத்தில் குழுத்தலைவி கேட்கும் முன்பே நான் சொன்னேன். "இதை இப்படியே அனுப்ப வேண்டாம் மேடம். மாத்திப் பாக்கலாம்."

"கணக்கு ஏதாச்சும் புதுசா வந்துச்சுங்களா?"

"கணக்கு அதேதான்." சமையலறையில் பார்த்ததைச் சொன்னேன்.

"அட்டையில படம் இருந்துச்சில்லைங்களா?"

"இருந்துச்சு. அவ பாக்கவும் பாத்தா. தனக்கு இல்லைன்னு நெனச்சுக்கிட்டா. மருந்தைச் சாப்பிடுறவர் வயசானவர்தான் மேடம். ஆனா எடுத்துக் குடுக்குற கை வேற ஒருத்தருது."

அவர் தன் குறிப்பில் எதையோ அடித்து எழுதினார். பிறகு, "சரிங்க, செய்யுங்க. ஆனா சீக்கிரம்" என்றார். ஒரு வீட்டுக் கதையை வைத்து விஞ்ஞானம் பேசிவிட்டேனோ என்று அன்று முழுதும் உறுத்திக்கொண்டிருந்தது. அது உறுத்தட்டும் என்று வேலையைத் தொடங்கினேன்.

மூலக்கூறின் ஓர் ஓரத்தில் சின்னக் கிளை ஒன்றை வரைந்தேன். நோய்ப் புரதம் வந்து உட்கார அது இடைஞ்சல் இல்லை. கருப் புரதம் வந்தால் அதன் பருத்த முனை ஒன்று கிளையில் போய் இடிக்க வேண்டும். முதலில் வரைந்தது இரண்டையுமே இடித்தது. கிளையைக் குட்டையாக்கினேன், பக்கம் மாற்றினேன். மகள் மடியில் உட்கார்ந்து திரையில் விரல் வைத்து, "இது விழுந்துருச்சு, அது விழல" என்று எனக்கு முன்பே தீர்ப்புச் சொன்னாள். கடைசியில் ஒன்றில் எல்லா நிலைகளிலிருந்தும் கருப் புரதம் கழன்றது. நம்பிக்கை இல்லாமல் மறுபடி மறுபடி ஓடவிட்டேன். குற்றவாளியையும் அப்பிராணியையும் கூடவே ஓடவிட்டேன். கழன்றது.

ஆய்வகத்தில் பழையதையும் புதியதையும் மனிதச் செல்களில் வைத்துப் பார்த்தார்கள். பழையது கருப் புரதத்தையும் சேர்த்தே ஒழித்திருந்தது. புதியதில் அது அப்படியே இருந்தது. நோய்ப் புரதம் குறைந்திருந்தது, முன்பைவிடச் சற்று மெதுவாக. "மெதுவா போனாப் பரவாயில்லைங்க, சரியான வீட்டுக்குப் போனாச் சரி" என்றார் குழுத்தலைவி. இன்னும் எத்தனையோ சோதனைகள் பாக்கி. எதிலாவது இதுவும் விழுந்துபோகலாம். விழாமல் கடைசிவரை போனாலும் அட்டையில் எச்சரிக்கை இல்லாமல் போகாது. ஆனாலும் அன்று மாலை இறங்கி வந்து எல்லோருக்கும் பணியாரம் சுட்டேன். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஓரகத்தி மறுபடி பிள்ளைக்குக் காத்திருக்கிறாள். காத்திருக்கிறவள் மாமாவின் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். அவர் வேட்டியைக் குச்சியால் தூக்கி ஊறப் போடுகிறாள். அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறாள். என் மகள் தாத்தா தட்டிலிருந்து ஒரு வாய் வாங்கினால் இழுத்துக்கொண்டு போகிறாள். சென்ற மாதம் திருச்சுழிக் கோயிலுக்கு பஸ்ஸில் போனோம். மாமா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டி, "இங்க வாத்தா" என்று அவளைக் கூப்பிட்டார். அவள் காதில் விழாதவள் போலப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். பந்தல்குடிக்காரர் ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். இறங்கும்வரை மாமா காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்ததும் என்னிடம் கேட்டார். "ஏத்தா, எனக்கு வந்திருக்கிறது தொத்து நோயா? மறைக்காமச் சொல்லு."

"இல்ல மாமா, சத்தியமா இல்ல."

"பின்ன அந்தப் புள்ள ஏன் என்னைக் கண்டா ஒதுங்குது?"

அவளிடம் பேசினேன். தட்டுக் கழுவலாம், துணி துவைக்கலாம், பக்கத்தில் உட்காரலாம், டாக்டரே சொன்னார்தானே என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"நீங்கதானக்கா அன்னைக்கு அந்தக் கத்து கத்துனீக. இப்ப ஒண்ணுமில்லைங்கிறீக. ஏதாச்சும் ஆச்சுன்னா?"

படத்தைப் பார்த்ததற்கே டாக்டரிடம் ஓடியவள் நான். அவளிடம் தைரியமாக இரு என்று எந்த வாயால் சொல்வது? அன்று கத்தாமல் இருந்திருக்கலாமோ என்று நினைக்கிறேன். கத்தியதுதான் சரி என்றும் நினைக்கிறேன்.

வீடு மற்றபடி நன்றாக இருக்கிறது. மாமாவின் ரத்தச் சோதனை முடிவுகள் தேறி வருகின்றன. காட்டுக்குப் போய் மல்லியைப் பார்த்துவிட்டு வருகிறார். அவர் முகம் வாடுவது ஒன்றுதான் எனக்குக் குறை.

உங்களில் சிலர் வீட்டிலும் இப்படி மருந்து சாப்பிடுகிறவரும் பிள்ளைக்குக் காத்திருப்பவளும் ஒன்றாக இருந்திருக்கலாம். மருந்தைப் பற்றி டாக்டரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரைக்கு மட்டும் பயப்படு, மனிதருக்குப் பயப்படாதே என்று அவள் மனம் ஏற்கும்படி எப்படிச் சொன்னீர்கள்? யார் சொன்னால் எடுபட்டது? அவள் கணவனைச் சொல்ல வைக்கலாமா, மாமாவையே அவளோடு பேச வைக்கலாமா, இல்லை ஒன்றும் சொல்லாமல் நாட்களை ஓடவிட வேண்டுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.